ஹீரோவா, நண்பனா, குணச்சித்திரமா: ஒரு காமெடியன் முன்னால் மூன்று வாய்ப்புகள்

என் அக்கா மகன் பதினொரு வருடமாக ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறான். திருவிழா மேடையில் தொடங்கி, தொலைக்காட்சிப் போட்டிக்குப் போய், அப்புறம் நான்கு படங்களில் கதாநாயகனுக்கு நண்பனாக வந்துவிட்டான். போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று படங்களுக்குக் கூப்பிட்டார்கள். "மாமா, எதுக்குச் சரின்னு சொல்றது?" என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வந்து ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தான்.

எனக்கு மதுரையில் மைக் செட் தொழில். முப்பது வருடமாக மேடை ஓரத்தில் மிக்சர் முன்னால் உட்கார்ந்து சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். சினிமா எனக்குப் பார்த்துத் தெரிந்ததுதான். ஆனால் சிரிப்பு எங்கே எழும், எவ்வளவு நேரம் நிற்கும், எந்த இடத்தில் சனம் எழுந்து டீக்கடைப் பக்கம் போகும் என்பது காதுக்குத் தெரியும். அன்றே பதில் சொல்லவில்லை. அவனுக்கு முன்னால் இதே முச்சந்தியில் நின்றவர்கள் யார், யார் எந்தப் பக்கம் திரும்பினார்கள், பிறகு என்ன ஆனது என்று இரண்டு வாரம் உட்கார்ந்து யோசித்தேன். அவனைப் போல இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இதே குழப்பத்தில் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதல் வாய்ப்பு, கதாநாயகன். சின்ன பட்ஜெட், புது இயக்குநர், ஐம்பது நாள் படப்பிடிப்பு. சம்பளத்தில் கால் பங்கு முன்பணம், மீதி வியாபாரம் ஆன பிறகு. படம் வெளிவரும்வரை வேறு எந்தப் படத்திலும் காமெடியனாக நடிக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. கூடவே, "நீங்களும் ஒரு பங்கு போட்டா நல்லா இருக்கும் தம்பி" என்று பதினைந்து லட்சத்துக்கு ஒரு பேச்சு. இரண்டாவது, பெரிய கதாநாயகன் படத்தில் நண்பன். இருபது நாள், நாள் கணக்கில் சம்பளம், பணம் கையோடு. மூன்றாவது, டவுன் பஸ் கண்டக்டர் வேடம். பத்து வயது மகள் காணாமல் போகிறாள், அவளைத் தேடி அலையும் அப்பா. முப்பது நாள், சம்பளம் ரொம்பக் குறைவு, படம் முழுக்க ஒரு சிரிப்புக் காட்சிகூடக் கிடையாது. இரண்டையும் மூன்றையும் தேதியை முன்னே பின்னே தள்ளிச் சேர்த்துச் செய்துவிடலாம். முதலாவதைப் பிடித்தால் மற்ற இரண்டையும் விட வேண்டும்.

"பங்கு போடுங்கள்" என்ற பேச்சு காதில் விழுந்ததுமே எனக்கு சந்திரபாபு ஞாபகம்தான் வந்தது.

1927-ல் தூத்துக்குடியில் பிறந்தவர். அப்பா சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர். குடும்பம் இலங்கைக்குப் போனதால் கொழும்பில் வளர்ந்தார். மேல்நாட்டு ஆட்டமும், தொண்டையைச் சட்டென்று உடைத்து மேலே தூக்கும் அந்த யோட்லிங் பாட்டும் அவரோடு சேர்ந்து தமிழ் சினிமாவுக்குள் வந்தன. ஆடுவார், சொந்தக் குரலில் பாடுவார், விழுவார், எழுவார். 1958-ல் வந்த 'சபாஷ் மீனா'வில் சிவாஜி கணேசனோடு நின்று, அதிலும் இரட்டை வேடத்தில், கண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்படிப்பட்டவர் அடுத்து எதற்கு ஆசைப்படுவார்? 1960-ல் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் கதாநாயகன் ஆனார். படம் நஷ்டம். ஆனால் அது அடுத்தவர் பணம். பிறகு எம்.ஜி.ஆரைக் கதாநாயகனாக வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்று தானே ஒரு படம் எடுக்கத் தொடங்கினார். அது பாதியில் நின்றுபோனது. கடன் ஏறியது. கிரீன்வேஸ் சாலையில் காரிலேயே மாடிக்கு ஏறிப் போகும்படி ஆசை ஆசையாகக் கட்டிய வீடு கையைவிட்டுப் போனது. 1966-ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தானே இயக்கி, சாவித்திரியோடு நடித்தார். அதுவும் ஓடவில்லை. 1974 மார்ச் மாதம் இறந்தபோது அவருக்கு 46 வயது.

கலையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் எங்கள் செட்டில் அவர் பாட்டைப் போட்டால் பந்தலில் பந்தி பரிமாறுகிற பையன்கள்கூட ஒரு நிமிடம் காதைத் திருப்புவார்கள். முகத்தையும் வீட்டையும் ஒரே பந்தயத்தில் வைத்ததுதான் அவரைச் சாய்த்தது என்பது என் எண்ணம். படம் போனால் பெயர் போகும். பெயர் மட்டும் போனால், பழையபடி யாருக்காவது நண்பனாக நடித்துத் திரும்ப வாங்கிவிடலாம். வீடும் சேர்ந்து போனால், திரும்ப எழுந்து நடிக்க மனசு வேண்டுமே, அதை எங்கே போய் வாங்குவது? எங்கள் அக்காவுக்கு மேலூரில் இருப்பது இரண்டு அறை ஓட்டு வீடு. பத்திரம் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கிறது. பதினைந்து லட்சம் என்றால் அந்தப் பத்திரம்தான். அதைத் தொடக் கூடாது என்பதில் மட்டும் முதல் நாளே தெளிவாகிவிட்டேன்.

சரி, பணத்தை விடுவோம். சொந்தக் காசு போடாமல் வெறும் சம்பளத்துக்குக் கதாநாயகன் ஆனால் என்ன? இந்தக் கேள்விக்கு நாகேஷ் வாழ்க்கையை விடப் பெரிய பாடம் தமிழில் இல்லை. அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் திறமையைச் சொல்வார்கள். நான் தேதிகளைச் சொல்கிறேன்.

தாராபுரத்துக்காரர், சென்னையில் ரயில்வே குமாஸ்தா, அம்மைத் தழும்பு விழுந்த முகம், ஒடிசலான உடம்பு. 1964-ல் 'சர்வர் சுந்தரம்' படத்தில் கதாநாயகன். அதே 1964-ல் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் பாலையாவின் மகன் செல்லப்பா. 1965-ல் பாலசந்தரின் 'நீர்க்குமிழி'யில் அவர்தான் படமே. அதே 1965-ல் 'திருவிளையாடல்' தருமி, வருவது கொஞ்ச நேரம். 1968-ல் 'எதிர்நீச்சல்' மாது, மறுபடி கதாநாயகன். அதே வருடம் 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி, கோள்மூட்டுகிற ஆள். ஜோடி ஜோடியாக வைத்துப் பாருங்கள். ஒரு கையில் நாயகன், மறு கையில் துணைப் பாத்திரம். "நான் இனிமேல் ஹீரோ" என்று அவர் பின்னால் இருந்த கதவைச் சாத்தவே இல்லை. இதை நான் எப்படி ஊன்றிச் சொன்னாலும் போதாது. ஏனென்றால் என் மருமகனுக்கு வந்திருக்கும் முதல் ஒப்பந்தத்தின் நிபந்தனையே அந்தக் கதவைச் சாத்துவதுதான்.

இன்னொன்று, நாயகனாக அவர் எடுத்துக்கொண்ட கதைகள் அவர் முகத்துக்கும் உடம்புக்கும் அளவெடுத்துத் தைத்தவை. சுந்தரம் ஓட்டலில் பரிமாறுகிறவன். தன்னை ஒருத்தி விரும்புகிறாள் என்று நம்பி ஏமாறுகிறவன். மாது ஒரு குடித்தனக்கட்டில் எல்லோருக்கும் எடுபிடி. அழகான ஒருவர் அந்த இடத்தில் நின்றால் கதையே நிற்காது. அந்த முகம் இருந்ததால்தான் அந்தப் படங்கள் உண்டாயின.

செல்லப்பா தன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைத் தொழில்முறையில் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். நாகேஷ் குரலை ஏற்றுவதைவிட இறக்குவதுதான் அதிகம். வாயாலேயே சத்தங்களை எழுப்புவார், நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில்தான் பாலையா நடுங்குவார், தியேட்டர் சிரிக்கும். அதாவது, அந்தக் காட்சியில் சிரிப்பை வாங்குவது பெரும்பாலும் பாலையாவின் முகம். நாகேஷ் அதை அவருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அடுத்தவர் சிரிப்பு வாங்கட்டும் என்று இடம்விடத் தெரிந்தவருக்குக் கதாநாயகன், காமெடியன் என்ற பிரிவினையே தேவைப்படாது.

அதனால்தான் எழுபதுகளின் நடுவில் தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று புதியவர்கள் வந்து அவர் இடம் சுருங்கியபோதும் அவர் காணாமல் போகவில்லை. 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லன். 1994-ல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணம். ஆமாம், வசனமே இல்லாத பிணம், அதற்கும் தியேட்டர் குலுங்கியது. அதே வருடம் 'நம்மவர்' படத்தில் மகளை இழந்த பேராசிரியர். அதற்குத்தான் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது வந்தது. மறுபடி பாருங்கள், ஒரே வருடத்தில் பிணமும் பேராசிரியரும்! 2009 ஜனவரியில் இறக்கும்வரை அவர் நடிகராகவே இருந்தார்.

ஆச்சி மனோரமா கணக்கும் இதே பக்கம்தான் வருகிறது. 1958-ல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடத்தில் அறிமுகம். 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி. அதோடு நாயகி ஆசையைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. நகைச்சுவை, அப்புறம் அம்மா, அப்புறம் பாட்டி. 'சின்ன கவுண்டர்' படத்தில் பல்லை வெளியே நீட்டிக்கொண்டு வரத் தயங்கவில்லை. ஆயிரம் படங்களைத் தாண்டி கின்னஸ் புத்தகத்தில் பெயர். 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002-ல் பத்மஸ்ரீ. அவரோடு தொடங்கிய கதாநாயகிகளில் எத்தனை பேர் 2000-க்குப் பிறகும் நடித்துக்கொண்டிருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல் போதும்.

இப்படிச் சொன்னால், "அப்போ நண்பன் வேஷத்திலேயே இருந்துட வேண்டியதுதானா மாமா?" என்று கேட்பான். கேட்டான். இருந்துவிடலாம் என்று இருபது வருடத்துக்கு முன்னால் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

அன்றைக்குக் காமெடி டிராக் என்று தனியாக ஒன்று இருந்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காலத்திலேயே அதற்கு வழி போட்டாகிவிட்டது. மதுரத்தோடு சேர்ந்து தன் பகுதியைத் தானே எழுதி, தானே அமைத்து, படத்துக்குள் ஒரு சின்னப் படம் போல வைத்தவர் அவர். அந்த வழியில் உச்சம் என்றால் கவுண்டமணி, செந்தில். 'வைதேகி காத்திருந்தாள்' 1984, 'கரகாட்டக்காரன்' 1989. இரண்டிலும் நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன். எழுதிக் கொடுக்க ஒரு ஆள், அடிக்க ஒரு ஆள், அடி வாங்க ஒரு ஆள். வாழைப்பழக் காட்சியில் என்ன இருக்கிறது? இரண்டு பழம், ஒன்று தின்றாயிற்று, ஒன்று கையில். அதே கேள்வி, அதே பதில். ஒவ்வொரு தடவையும் கவுண்டமணியின் குரல் ஒரு படி ஏறும், செந்தில் குரல் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த ஏறாத குரல்தான் காட்சியின் அஸ்திவாரம். செந்தில் கொஞ்சம் பதறியிருந்தாலும் காட்சி சாய்ந்திருக்கும்.

அந்த ஏற்பாடு இப்போது குறைந்துவிட்டது. ஆதித்யாவிலும் சிரிப்பொலியிலும் நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பவற்றில் பெரும் பங்கு அந்தக் காலத்துச் சரக்கு. இன்று கதாநாயகனே காமெடியும் செய்துகொள்கிறார். படத்தின் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்றால் எடிட்டிங் மேசையில் முதலில் கத்திரி விழுவது நண்பன் காட்சிகளில்தான். என் மருமகன் ஒரு படத்துக்குப் பதினோரு நாள் போய் நடித்துவிட்டு வந்தான். குடும்பத்தோடு பதினான்கு பேர் டிக்கெட் எடுத்துப் போய் உட்கார்ந்தோம். அவன் திரையில் இருந்தது நான்கு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் பின்னால் நின்று கைதட்டுகிற பாட்டு. அக்கா ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்து ஆட்டோவில் ஏறினாள். அந்த ராத்திரியை நான் மறக்கவில்லை. அதனால் இரண்டாவது வாய்ப்பு பாதுகாப்பானது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல என்னால் முடியாது. பணத்துக்குப் பாதுகாப்பு, அவ்வளவுதான்.

அதற்காக இந்தப் பக்கத்தில் லாபமே இல்லை என்றும் சொல்லக் கூடாது. காமெடியனுக்கு நாள் சம்பளம். ஒரே மாதத்தில் இரண்டு மூன்று படங்களுக்குத் தேதி கொடுக்கலாம். படம் விழுந்தால் பழி நாயகன் மேல். காமெடியனைப் பற்றி, "அவன் வர்ற இடம் மட்டும் நல்லா இருந்துச்சுப்பா" என்றுதான் சனம் பேசும். கதாநாயகனுக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் நாள் கூட்டம், தொலைக்காட்சி உரிமை, ஓடிடி வியாபாரம் என்று எல்லாமே அவன் தலையில் ஏறும். வருடத்துக்கு ஒரு படம், அது போனால் அந்த வருடமே போச்சு.

வடிவேலுவைப் பற்றி மதுரைக்காரன் எழுதாமல் இருக்க முடியாது. 1991-ல் 'என் ராசாவின் மனசிலே'. மறு வருடமே 'தேவர் மகன்' இசக்கி. கையை இழந்துவிட்டுப் பேசுகிற அந்தக் காட்சியிலேயே இந்த மனிதனிடம் அழுகையும் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் நாமெல்லாம் சிரிப்பை மட்டும்தான் கேட்டு வாங்கினோம். 2006-ல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'. சிம்புதேவன் இயக்கம், ஷங்கர் தயாரிப்பு. இரட்டை ராஜா வேடம். அது ஓடியதற்குக் காரணம், வடிவேலுவின் மாடுலேஷனையும் நடையையும் முன்னால் வைத்துக்கொண்டு அதைச் சுற்றி அரண்மனை கட்டினார்கள். அவரை வழக்கமான நாயகன் சட்டைக்குள் திணிக்கவில்லை. அதே வடிவேலு 2008-ல் 'இந்திரலோகத்தில் நா அழகப்பன்' என்று வந்தார், ஓடவில்லை. 2011 தேர்தலில் திமுகவுக்காகப் பிரசாரம் செய்தார், அதிமுக ஆட்சிக்கு வந்தது, பிறகு படங்கள் நின்றன. 2014-ல் 'தெனாலிராமன்', 2015-ல் 'எலி' என்று நாயகனாகவே திரும்பி வந்தும் பழைய சிரிப்பு வரவில்லை. அப்புறம் புலிகேசியின் அடுத்த பாகத்தில் தகராறு, தயாரிப்பாளர் சங்கத் தடை, 2021-ல்தான் அது பேசித் தீர்ந்தது.

அந்த வருடங்களில் ஒரு விசித்திரம் நடந்தது. 2019 மே மாதம் 'பிரெண்ட்ஸ்' படத்துக் காண்ட்ராக்டர் நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று உலகமே இணையத்தில் எழுதியது. 2001-ல் வந்த படத்தின் ஒரு காட்சி அது! அவர் முகம் தமிழ்நாட்டில் எல்லோர் கைப்பேசியிலும் இருந்தது. அவருக்குப் படம் மட்டும் இல்லை. ஒரு கலைஞனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

2023-ல் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' வந்தது. படத்தின் பெயரே அவர் பாத்திரத்தின் பெயர்தான். ஆனால் அவர் வழக்கமான அர்த்தத்தில் கதாநாயகன் இல்லை, காமெடியனும் இல்லை. தன் சொந்தக் கட்சிக்காரன் வீட்டில் நாற்காலியில் உட்காரத் தயங்கி நிற்கிற ஒரு எம்எல்ஏ. எந்த உடம்பைப் பார்த்து முப்பது வருடம் சிரித்தோமோ, அதே உடம்பு குறுகி நிற்பதைப் பார்த்துத் தியேட்டரில் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். 'தேவர் மகன்' இசக்கியில் இருந்து அங்கே வந்து சேர 31 வருடம் ஆகியிருக்கிறது. நடுவில் ஒரு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது அப்படி ஒரு வேடம் அவருக்கு வந்திருந்தால், அந்த இருண்ட வருடங்களில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

சந்தானம் கதையைத்தான் முதல் ஒப்பந்தக்காரர்கள் உதாரணமாகக் காட்டுகிறார்கள். 'லொள்ளு சபா'வில் இருந்து 'மன்மதன்', அப்புறம் 'பாஸ் என்கிற பாஸ்கரன்', 'ஒரு கல் ஒரு கண்ணாடி' என்று நண்பன் வேடத்தின் உச்சிக்குப் போனவர். 2014-ல் 'வல்லவனுக்கு புல்லும் ஆயுதம்' தொடங்கி நாயகன் பாதையில் இறங்கி, அதற்குப் பிறகு நண்பன் வேடத்தைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். உறுதியான முடிவு, மதிக்கிறேன். ஆனால் எந்தப் படங்கள் நன்றாகப் போயின என்று பாருங்கள். 'தில்லுக்கு துட்டு', 'ஏ1', 'டிடி ரிட்டர்ன்ஸ்'. மொட்டை ராஜேந்திரன் மாதிரி ஆட்களைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு அவர் தன் கவுண்டரைத் தானே போடுகிற படங்கள்தான் அவை. சண்டை போட்டு, காதலித்து, நல்லவனாக இருக்கிற படங்களில் நாம் காத்திருந்த அந்த நக்கல் குரல் குறைந்துபோனது. அவர் அந்த முடிவை எடுத்தபோது தமிழ்நாட்டில் அவர் பெயரைச் சொன்னால் டிக்கெட் விற்கும் நிலை இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. என் மருமகனை மேலூர் தாண்டினால் "அந்தப் படத்துல வருவாருல்ல" என்றுதான் சொல்கிறார்கள்.

சூரி வேறு வழியில் போனார். 2009-ல் 'வெண்ணிலா கபடி குழு'வில் பரோட்டாப் பந்தயம், கணக்குத் தகராறு வந்ததும் போட்ட கோட்டையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தின்கிறேன் என்று உட்கார்ந்த காட்சி. 14 வருடம் நண்பனாகவே நடித்துவிட்டு 2023-ல் வெற்றிமாறனின் 'விடுதலை'யில் கான்ஸ்டபிள் குமரேசன். சிரிக்க வைக்கிற வேடத்தை விட்டுவிட்டு நாயகன் ஆனார், அதே சமயம் கதையும் நாயகனுக்குரிய ஜிகினா இல்லாத கதை. மறுவருடம் 'கருடன்' என்ற வியாபாரப் படமும், பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போன 'கொட்டுக்காளி'யும். யோகி பாபுவோ கதவையே திறந்துபோட்டுவிட்டார். 2021-ல் 'மண்டேலா'வில் ஒற்றை ஓட்டு வைத்திருக்கும் முடிதிருத்துகிறவராக மனசை உருக்கினார், அதே காலத்தில் பெரிய படங்களில் ஐந்து நிமிட வேடங்களுக்கும் போய்வந்தார். எங்கே பார்த்தாலும் அவர் முகமாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அலுப்பு தட்டுகிற அளவுக்கு வேலை இருப்பது ஒரு நடிகனுக்கு நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, முதல் வாய்ப்பின் கதையை முழுசாகச் சொல்லச் சொன்னேன். அறிமுகத்தில் ஐந்து பேரை அடிக்கிறான். கல்லூரிக் காதல். வில்லன் ஊர்த் தலைவர். கடைசியில் ஊரைத் திருத்துகிறான். "இதுல உன் காமெடி எங்கடா வருது மாப்பிள்ளை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காமெடிக்கு வேற ஒருத்தரைப் பேசியிருக்காங்க மாமா" என்றான்.

அந்த ஒரு வரி போதும் எனக்கு. அவனை எதற்காகச் சனம் அடையாளம் வைத்திருக்கிறதோ, அதைக் கழற்றி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, மிச்சம் இருக்கும் ஆளை நாயகனாக்கப் பார்க்கிறார்கள். 'சர்வர் சுந்தர'த்தையும் 'புலிகேசி'யையும் 'மண்டேலா'வையும் அந்தந்த நடிகரை எடுத்துவிட்டுக் கற்பனை செய்து பாருங்கள், படம் இடிந்து விழும். இந்தக் கதையில் என் மருமகனை எடுத்துவிட்டு எந்தப் பையனை வைத்தாலும் நடக்கும். அப்புறம் எதற்கு இவன் பதினைந்து லட்சம் கொடுத்து அந்த இடத்தை வாங்க வேண்டும்?

அக்காவுக்கு வருத்தம்தான். "போஸ்டர்ல அவன் மூஞ்சி பெருசா வரும்னு சொன்னாங்கடா" என்றாள். அந்த ஆசையை நான் லேசாக எண்ணவில்லை. ஆனாலும் சொன்னேன். கதாநாயகனே ஆகாதே என்று சொல்லவில்லை. அவன் இல்லாவிட்டால் நிற்காத கதை, கைக்காசு கேட்காத தயாரிப்பாளர், காமெடி வேடத்துக்குத் தடை போடாத ஒப்பந்தம், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நாளைக்கே போகலாம். அதுவரை நண்பன் வேடத்தில் வீட்டுச் செலவு நடக்கட்டும். கண்டக்டர் வேடத்தைக் காசு பார்க்காமல் செய்யட்டும்.

மூன்றாவதை நான் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேடையில் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே கண்டக்டர் மிமிக்ரிதான். நான்கு வருடத்துக்கு முன்னால் மேலூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் ராத்திரி ஒரு மணிக்கு அவன் அதைச் செய்துகொண்டிருந்தபோது ஜெனரேட்டர் நின்றுவிட்டது. இருட்டு, மைக் இல்லை. நான் ஓடிப்போய்க் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். அவன் மேடை நுனிக்கு வந்து, விசிலை மட்டும் ஊதி, "முன்னால நகரு, முன்னால நகரு" என்று வெறும் தொண்டையில் சொன்னான். பாயில் உட்கார்ந்திருந்த சனம் அப்படியே எழுந்து இரண்டு அடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். இருட்டில், எதிரே முகம் தெரியாமல், காதை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அப்புறம்தான் அடுத்த வரி. அந்தக் காத்திருப்பு தெரிந்தவனால் மகளைத் தேடுகிற அப்பாவாக நிற்க முடியும் என்று நம்புகிறேன்.

போன திங்கட்கிழமை, முதல் படத்துக்காரர்கள் கொடுத்திருந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். பெரிய படத்துக்காரர்கள் தேதியைப் பத்து நாள் தள்ளிக் கொடுத்தார்கள். இப்போது தினமும் காலையில் மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்து, திரும்பவும் அதே பஸ்ஸில் வருகிறான். நேற்று மத்தியானம் கடைக்கு வந்தவன் பேசவே இல்லை. பழைய டிக்கெட் கட்டு ஒன்றை இடது கையில் வைத்துக்கொண்டு, கட்டை விரலால் ஒன்று ஒன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தான். மேடையில் செய்வது மாதிரி விறுவிறுவென்று இல்லை. நடுவில் ஒன்றைக் கிழித்துவிட்டு, யாருக்குக் கொடுப்பது என்று மறந்தவனைப் போல அப்படியே கையில் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தான். நான் சாலிடரிங் இரும்பைக் கீழே வைத்துவிட்டேன்.